சின்னத் தவளைக்குப் பெயர் சொல்லுமா செயலி? ஐநேச்சுரலிஸ்ட், சீக்: ஒரு மதிப்புரை

தோட்டத்தில் பார்த்த சின்னத் தவளை எது என்று தெரிந்துகொள்ள இன்றைக்குக் கைபேசியில் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை இரண்டு: ஐநேச்சுரலிஸ்ட், அதே அமைப்பு வெளியிடும் சீக். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்கள் செய்த திட்டப்பணியாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், 2023 முதல் லாப நோக்கமில்லாத தனி அமைப்பாக நடக்கிறது. படத்தைப் பார்த்துக் கணினியே பெயரை ஊகிக்கும் வசதி 2017-இல் வந்தது. சீக் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

வண்ணத்துப்பூச்சிக்கும் பறவைக்கும் இந்த ஊகம் வியக்கும்படி சரியாக அமையும். அதே நம்பிக்கையோடு கட்டைவிரல் நீளப் பழுப்புத் தவளையைக் காட்டினால் ஏமாற்றம்தான். தவளை விஷயத்தில் கணினி சொல்வதைப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) வரை எடுத்துக்கொள்ளலாம். சிற்றினப் பெயரை, அதாவது குறிப்பிட்ட அந்த ஒரே இனத்தின் பெயரை, அதன் வாயிலிருந்து அப்படியே வாங்கக்கூடாது. காரணம் எளிது. ஏறத்தாழ 100 படங்களாவது சேர்ந்த இனங்களைத்தான் அந்த மென்பொருளுக்குப் பயிற்றுவிக்கிறார்கள். அந்த அளவு படம் சேராத இனத்தின் பெயர் அதற்குத் தெரியவே தெரியாது. தெரிந்த பெயர்களில் கிட்டத்தட்டப் பொருந்துவதைச் சொல்லிவிடும். அதோடு, ஒரு சின்னத் தவளையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் உள்ளங்காலிலும் தொடையின் பின்பக்கத்திலும் கத்தலிலும் இருக்கின்றன. மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் இவை எதுவும் விழாது.

ஆகவே செயலியைத் திறக்கும் முன் நம் தோட்டத்துக்கு யார் யார் வரக்கூடும் என்று தெரிந்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும். தமிழ்நாட்டுச் சமவெளித் தோட்டம் என்றால் பட்டியல் சின்னதுதான்.

கண்ணுக்கு அதிகம் படுவது சொரசொரப்பான தேரை, டுட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். வளர்ந்ததை யாரும் தவறவிட முடியாது: கண்ணைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு கட்டிய எலும்பு மேடு, கண்ணுக்குப் பின்னால் பருத்த நச்சுச் சுரப்பி, நுனி கறுத்த பருக்கள். சிக்கல் குட்டிகளில்தான். தலைப்பிரட்டையிலிருந்து இப்போதுதான் கரையேறிய தேரைக்குட்டி சுமார் 1 செ.மீ. இருக்கும், தலை மேடும் இல்லை, சுரப்பியும் புடைத்திருக்காது. செயலி குழம்பும் இடங்களில் இது முக்கியமானது. மழைக்குப் பின் ஒரே இடத்தில் ஏராளமான கறுத்த குட்டிகள் சேர்ந்து குட்டிக்குட்டித் தாவலாகப் போகின்றன என்றால் தேரைக்குட்டி என்றே முதலில் எண்ணிப் பாருங்கள்.

குளியலறைச் சுவரிலும் ஃபிளஷ் தொட்டிக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை பாலிபிடேட்டஸ் மாக்குலேட்டஸ். வளர்ந்தது 5 முதல் 8 செ.மீ. வரை போகும், தொட்டிச் செடிகளில் காணப்படும் 2 செ.மீ. ஆட்கள் இதன் குட்டிகள். விரல் நுனியில் தெளிவான வட்டத் தட்டு இருக்கும். நிறத்தை நம்பவே வேண்டாம். அதே தவளை பகலில் வெளிர் சந்தன நிறத்திலும் இரவில் கரும்பழுப்பிலும் தெரியும். தொடையின் பின்பக்கத்தில் கறுப்பு வலைக்குள் மஞ்சள் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வளர்ந்த தவளையில் அது உறுதியான அடையாளம்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வீட்டு விருந்தாளி யூபெரோடான் வேரியகேட்டஸ். மரப்பொந்திலும் குளியலறை ஈரத்திலும் இதுவும் ஒண்டும். கைவிரல் நுனி அகன்று முக்கோணமாக இருக்கும், வட்டமாக இருக்காது. உடம்பு உருண்டை, வாய் மிகச் சிறியது, காதுப்பறை வெளியே தெரியாது, கருத்த முதுகில் மஞ்சளோ பசும்பழுப்போ திட்டுகள். மரத்தவளைக்குக் கண்ணுக்குப் பின்னால் காதுப்பறை வட்டமாகப் பளிச்சென்று தெரியும். இந்த ஒரு புள்ளியைப் பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த யூபெரோடான் டாப்ரோபானிகஸ் இன்னும் பெரியது; முதுகில் செங்கல் நிறப் பட்டைகள் இருக்கும். பழைய புத்தகங்களில் இதைக் கலூலா என்ற பேரினத்தில் வைத்திருப்பார்கள். ஐநேச்சுரலிஸ்டில் பழைய பெயரைத் தட்டினாலும் புதிய பெயருக்கே கொண்டுபோய்விடும். இது நல்ல வசதி.

உண்மையிலேயே 'சின்னத் தவளை' என்று சொல்லத் தக்கவை மைக்ரோஹைலா பேரினத்தவை. மைக்ரோஹைலா ஆர்னேட்டா 2 முதல் 2.5 செ.மீ.தான், 27 மி.மீ. விட்டமுள்ள 10 ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். கூர்மூக்கு, பின்னோக்கி அகன்ற முக்கோண உடல், முதுகில் கண்ணிடையே தொடங்கிப் பின்னால் விரியும் கரும்பழுப்பு வரைவு. காதுப்பறை தெரியாது, விரல் நுனியில் தட்டு இல்லை, கால்விரல்களுக்கிடையே சவ்வு பெயரளவுக்குத்தான். இதன் நெருங்கிய உறவான மைக்ரோஹைலா ரூப்ரா சற்றே பெரியது, முதுகு செம்பழுப்பு, உள்ளங்கால் ஓரத்தில் மண் தோண்டுவதற்கான கெட்டியான மேடுகள் எடுப்பாக இருக்கும். அந்த மேடு படத்தில் விழாதவரை இரண்டையும் பிரிப்பது ஊகம்தான். எறும்பையும் கரையானையும் தின்று வாழும் இந்தச் சின்னஞ்சிறு உயிர்களை விளக்குமாற்றால் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தொட்டிக்கடியில் அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது மினர்வாரியா. வயல்வெளியை ஒட்டிய வீடுகளில் புல்தரையிலிருந்து சட்டென்று நீளமாகத் தாவிப் போவது பெரும்பாலும் இதுதான். காதுப்பறை தெளிவாகத் தெரியும், முதுகில் துண்டு துண்டாக மடிப்புகள், கால்விரல்களுக்கு இடையே பாதி அளவுக்குச் சவ்வு, வயிற்றின் இரு ஓரத்திலும் வெளிறிய ஒரு கோடு. முதுகின் நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து இனம் பிரிக்காதீர்கள். ஒரே இனத்தில் சிலவற்றுக்கு அது உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இந்தப் பேரினத்தில் ஒன்றுபோலவே இருக்கும் பல இனங்களைக் கத்தலையும் மரபணுவையும் வைத்தே பிரிக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து மினர்வாரியாவுக்குச் சிற்றினம் சொல்லும் கணினியையும் நம்ப வேண்டாம், மனிதரையும் நம்ப வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியில் கண்ணை மட்டும் வெளியே நீட்டி மிதப்பதும், ஆள் அரவம் கேட்டால் நீர்ப்பரப்பின் மேலேயே தத்திப் போவதும் யூஃப்ளிக்டிஸ். அதன் கால்விரல்களுக்கு முழுச் சவ்வு உண்டு. மண்ணைப் புரட்டும்போது வெளிப்படும் குண்டுத் தவளை ஸ்ஃபேரோதீகாவாக இருக்கலாம். காதுப்பறை தெரிந்தால் அந்தப் பக்கம், தெரியாமல் வாயும் சிறியதாக இருந்தால் யூபெரோடான் பக்கம்.

இனிப் படம். செயலியின் தரம் பாதி, நீங்கள் கொடுக்கும் படத்தின் தரம் பாதி. ஒரே தவளையை நான்கு கோணங்களில் எடுக்க வேண்டும். முதலில் நேர் மேலிருந்து, முழு முதுகும் தெரியும்படி. அடுத்து பக்கவாட்டில், கண்ணும் காதுப்பறை இருக்க வேண்டிய இடமும் கூர்மையாக விழும்படி. மூன்றாவது கை, கால் விரல்கள் மட்டும். நான்காவது அடிப்பக்கம். அடிப்பக்கத்துக்குத் தவளையைப் புரட்டத் தேவையில்லை. சோப்பு வாசம் இல்லாமல் கழுவிய கண்ணாடிப் பாட்டிலின் உட்புறத்தை வெறும் தண்ணீரால் ஈரமாக்கி, அதில் தவளையை மெதுவாக ஏறவிட்டு, கண்ணாடி வழியே வயிற்றையும் உள்ளங்காலையும் எடுத்துவிடலாம். ஓரிரு நிமிடங்களில் அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். வெயிலில் பாட்டிலை வைக்கவே கூடாது. இன்னொரு குளத்துக்கோ பக்கத்துத் தெருவுக்கோ கொண்டுபோய் விடவும் கூடாது. தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை போன்ற நோய்கள் அப்படித்தான் இடம் மாறுகின்றன.

கை சுத்தம் முக்கியம். தவளைத் தோல் வழியாகத் தண்ணீரும் காற்றும் மட்டுமல்ல, நம் கையிலுள்ள சானிடைசரும் கொசு விரட்டியும்கூட உள்ளே போகும். தொட்டே ஆகவேண்டும் என்றால் வெறும் தண்ணீரில் கழுவிய ஈரக்கையால் தொடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேரையின் சுரப்பிப் பால் கண்ணில் பட்டால் எரியும், நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும்.

இரவில் எடுக்கும்போது ஃபிளாஷ் போட்டால் ஈரத் தோலில் வெள்ளைப் புள்ளிகளாக ஒளி தெறித்து, மடிப்பும் பருவும் மறைந்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சின் முன் ஒற்றை மடிப்பு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுத்தால் தோலின் மேடு பள்ளம் அப்படியே வரும். பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். அளவு தெரியாத தவளைப் படத்தைப் பார்த்து, தேரைக்குட்டியா வளர்ந்த மைக்ரோஹைலாவா என்று வல்லுநரும் திணறுவார்.

ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை ஏற்றுவது முதலாவது. வாட்ஸ்ஆப் வழியாக வரும்போது படத்தோடு இருந்த இடக்குறிப்பு அழிந்துவிடும், தரமும் குறையும். தேதியும் இடமும் இல்லாத பதிவு 'சாதாரணம்' என்ற பிரிவில் விழுந்துவிடும். அடையாளம் காண உதவுகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் வரிசையில் அது வரவே வராது. பதில் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கேமரா அமைப்பில் இருப்பிட வசதியை இயக்கி, மூலப் படத்தையே ஏற்றுங்கள்.

நான்கு படங்களும் ஒரே பதிவில் சேர வேண்டும். இன்னொரு தவளை என்றால் தனிப் பதிவு. கைபேசிச் செயலியில் கணினி ஊகம் முதல் படத்தை வைத்தே நடக்கிறது. ஆகவே தெளிவான படத்தை முதலில் வைத்து, தவளை பெரிதாகத் தெரியும்படி வெட்டிக்கொள்ளுங்கள். இலைக்குவியலுக்கு நடுவே ஒரு புள்ளியாகத் தவளை இருந்தால் கணினி இலைக்குப் பெயர் சொல்லும்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுத் தோட்டப் பதிவு என்றால் வரைபடத்தில் நம் வீடே தெரியும். பதிவின் இட அமைப்பில் 'மறைத்துக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சுமார் 20 கி.மீ. அகலக் கட்டத்துக்குள் எங்கோ ஓரிடமாக மற்றவர்களுக்குத் தெரியும். சரியான இடம் பதிவில் பத்திரமாக இருக்கும். முழுவதும் மறைக்கும் தனிப்பட்ட அமைப்பைத் தேர்ந்தால் எந்த மாவட்டம் என்றே தெரியாமல் போய், யாராலும் உதவ முடியாது. நடுவிலுள்ள தேர்வே போதும்.

பெயர் ஊகத் திரையைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. மேலே 'இது பெரும்பாலும் இந்தப் பேரினம்' என்ற பொருளில் ஒரு வரி வரும்; கீழே சிற்றினங்களின் பட்டியல். முக்கால்வாசிப் பேர் கீழ்ப் பட்டியலின் முதல் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். தவளைக்கு மேல்வரியைத் தட்டுங்கள். பட்டியலிலுள்ள பெயருக்குப் பக்கத்தில் அந்த இனம் உங்கள் பகுதியில் எதிர்பார்க்கப்படுவதா என்ற குறிப்பையும் பாருங்கள். இடம் கொடுக்காமல் ஊகம் கேட்டால் நம் மரத்தவளைக்குத் தென்கிழக்கு ஆசியாவின் பாலிபிடேட்டஸ் லியூகோமிஸ்டாக்ஸ் என்றும், நம் மைக்ரோஹைலாவுக்கு அங்குள்ள மைக்ரோஹைலா ஃபிஸ்ஸிபெஸ் என்றும் பெயர் வர வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவருக்கு லியூகோமிஸ்டாக்ஸ் சரியான விடையாக இருக்கலாம்; மதுரைக்காரருக்கு ஆகாது. இலங்கையில் நம் மாக்குலேட்டஸும் உண்டு, அந்தத் தீவுக்கே உரிய பாலிபிடேட்டஸ் க்ரூசிகரும் உண்டு என்பதால் அங்கே முதுகுப் படம் கட்டாயம் வேண்டும். இடத்தைக் கணக்கில் எடுக்காத பொதுப் படத்தேடல் வசதிகளைத் தவளைக்குப் பரிந்துரைக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

சீக்கை ஐநேச்சுரலிஸ்டுக்கு எதிர்முனையில் வைக்கலாம். கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் இல்லாத இடத்திலும் கேமராவைக் காட்டினால் வேலை செய்யும். குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாக ஏறி, உறுதி இல்லாத படியில் நின்றுவிடும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். தவளைக்கு இதுதான் சீக்கின் மிகப் பெரிய நற்குணம். பிள்ளைகள் கையில் கொடுக்க இதைவிட நல்லது கிடையாது. குறை எதுவென்றால் அங்கே மனிதர்கள் இல்லை. பேரினத்தில் நின்றுவிட்ட தவளையை மேலே கொண்டுபோக ஐநேச்சுரலிஸ்டுக்குத்தான் வர வேண்டும்.

ஐநேச்சுரலிஸ்டின் உயிர் அந்த மனிதர்கள்தான். பதிவை ஏற்றிய பிறகு பலரும் வந்து தங்கள் கணிப்பைச் சொல்வார்கள். குறைந்தது இருவர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் உடன்பட்டால் அது 'ஆய்வுத் தரம்' பெறும். தகுந்த உரிமம் உள்ள அத்தகைய பதிவுகள் உலகப் பல்லுயிர்த் தகவல் தொகுப்பான ஜிபிஐஎஃப்-க்குப் போய் ஆய்வாளர்கள் கையில் சேர்கின்றன. இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் குறுக்கே வருகிறது. யாரோ ஒருவர் ஒரு பெயர் சொன்னதும், நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு 'உடன்படுகிறேன்' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இரண்டு பேர் ஆகிவிட்டது, தவறான பெயர் ஆய்வுத் தரமாகிவிட்டது. நன்றி சொல்லக் கருத்துப் பெட்டி இருக்கிறது. அந்த இனத்தை மற்றொன்றிலிருந்து உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடிந்தால் மட்டும் பொத்தானைத் தொடுங்கள். பதில் வரத் தாமதமானால், அந்தப் பேரினத்தில் அதிகம் கணிப்பு சொல்கிறவர்கள் பெயர் பதிவின் பக்கத்திலேயே இருக்கும். ஒருவரை மட்டும் மரியாதையாக அழைத்து, என்ன ஐயம் என்று எழுதுங்கள்.

பெரிய குறை ஒலியில் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்டில் கத்தலைப் பதிவாக ஏற்றலாம், ஆனால் கணினி அதைக் கேட்டுப் பெயர் சொல்லாது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017-இல் வெளியிட்ட ஃப்ராக்ஐடி செயலி கத்தலையே அடிப்படையாகக் கொண்டது; அனுப்பும் ஒலியை வல்லுநர்கள் கேட்டுப் பதில் சொல்கிறார்கள். அது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும். நமக்கும் அப்படி ஒன்று மிக அவசரமாக வேண்டும். மினர்வாரியா போன்ற கூட்டத்துக்கு வேறு வழியே இல்லை. அதுவரை, கத்தலை நாமே பதிந்து ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றி வைப்பதுதான் செய்யக்கூடியது. தவளையிலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி, கைபேசியின் மைக் இருக்கும் முனையை அதன் பக்கம் நீட்டி, 30 வினாடிக்குக் குறையாமல் பதியுங்கள். வாய்ஸ் மெசேஜாக அனுப்பி எடுக்காமல், ரெக்கார்டர் செயலியிலிருந்து நேரடியாகக் கோப்பை எடுங்கள். எம்4ஏ, எம்பி3, வேவ் எல்லாம் ஏற்கும். மோட்டார் ஓடினால் நின்ற பிறகு பதியுங்கள். சீப்பின் பல்லை விரலால் வருடுவது போன்ற கரகரப்பு மைக்ரோஹைலாவைக் காட்டும். இடைவெளி விட்டு விட்டு உலர்ந்த 'டக், டக்' வந்தால் மரத்தவளை. விடாமல் நீளமாக ஓடும் உருட்டல் தேரை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வீடு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் செடியில் உட்கார்ந்திருக்கும் 2, 3 செ.மீ. தட்டுவிரல் தவளை பெரும்பாலும் ராவோர்கெஸ்டெஸ் பேரினத்துப் புதர்த்தவளை. முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, நேராகக் குட்டித் தவளையாக வெளிவரும் கூட்டம் இது; குளம் குட்டை இல்லாத தேயிலைத் தோட்டத்திலும் இவை இருப்பது அதனால்தான். இவற்றில் பல இனங்கள் ஒரே ஒரு மலைத் தொடரில் மட்டும் வாழ்பவை, பல 2000-க்குப் பிறகே பெயர் பெற்றவை. படம் குறைவு என்பதால் செயலிக்குப் பாதிப் பெயர்கள் தெரியாது. அங்கே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம், எந்தச் செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தது, எப்போது கத்தியது என்பதைக் குறிப்புப் பெட்டியில் எழுதினால், கணினி சொல்வதைவிட அந்த நான்கு வரி அதிகம் உதவும். இடுக்கின் படமும் சேருங்கள். தொடை இடுக்கின் நிறத் திட்டுகள் இவற்றில் பல இனங்களைப் பிரிக்கின்றன.

பேரினத்தோடு நின்றுவிட்ட பதிவை அழித்துவிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஆண் தவளைகள் கத்தத் தொடங்கும். அப்போது அதே தொட்டியருகே எடுத்த ஒலியைப் புதிய பதிவாக ஏற்றி, பழைய பதிவின் இணைப்பைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். கத்தும் தவளையையே படமும் எடுத்துச் சேர்த்தால் சிற்றினம் சொல்ல ஒருவர் முன்வருவார்.